பாண்டியம்மாளை விட்டுவிட்டுப் போவது எப்படி

என் முகத்தில் எப்போதும் ஒரு கோபம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கும்தான். மூன்று வருடம் காட்சித் தொடர்பியல் படித்து, கதையாடல் கோட்பாடு என்ற பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கிய ஒருத்தியைப் பார்த்து, "கல்யாண வீடியோ எடுப்பியாத்தா?" என்று போடியில் ஒரு தெருவே கேட்டால், அவள் முகத்தில் வேறு என்ன இருக்கும்?

அந்தப் பாடத்தை எங்களுக்கு நடத்தியவர் ஈஸ்வர் சார். நல்ல மனிதர். ஆனால் எதைப் பார்த்தாலும் ஐந்து படியாகப் பிரித்துவிடுவார். முதல் படி சமநிலை: எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது குலைவு: ஏதோ ஒன்று அதைக் கெடுக்கிறது. மூன்றாவது உணர்தல்: கெட்டுப்போனது ஒருவருக்குத் தெரிகிறது. நான்காவது சீர்செய்தல். ஐந்தாவது புதிய சமநிலை. காண்டீனில் போண்டா தீர்ந்துபோனால்கூட "இது குலைவு" என்பார். நாங்கள் சிரிப்போம். அப்புறம் யோசித்துப் பார்த்தால், குலைவுதான்.

கடைசிப் பருவத்தில் ஆளுக்கொரு குறும்படம் எடுக்க வேண்டும். ஐந்து படியும் அதில் இருந்தாக வேண்டும். என் படத்துக்கு நான் கூடுதலாக ஒரு கல்லைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒரு படத்தொகுப்புக் கூடத்தில் என்னைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, துறையில் முதல் தரம் வாங்கிய படத்தோடு வர வேண்டும். அப்பா மகாராஜன் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வேலை பார்க்கிறார். அவருக்குச் சென்னை என்றாலே பயம். அவர் எனக்காகக் குரூப் நாலு பரீட்சைக்கான பயிற்சி வகுப்பில் சேர விண்ணப்பம் வாங்கி, என் பெயரையும் எழுதி, சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார்.

"முதல் தரம் வாங்கிட்டா போ. நான் குறுக்க நிக்க மாட்டேன். வாங்கலேன்னா இந்தப் பாரத்துல கையெழுத்துப் போடு."

"சரி," என்றேன். அந்தச் சரியைச் சொல்லும்போது எனக்குத் திமிர் நிறைய இருந்தது. கோட்பாடு என் கையில் இருந்தது அல்லவா?

கதை தேடி நான் தூரமாகப் போகவில்லை. எங்கள் தெருமுனையிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு ஜீப்பு போடிமெட்டு ஏறி, அதற்கும் அப்பால் ஏலத்தோட்டத்துக்குப் போகும். ஓட்டுநர் சீனிச்சாமி அண்ணன். உள்ளே காய் எடுக்கப் போகும் பத்துப் பெண்கள். அவர்களில் ஒருத்தி பாண்டியம்மாள் பெரியம்மா. எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை மாட்டி, தலையில் துண்டைக் கட்டி, கையில் தூக்குவாளியோடு அவர் நடந்து வந்தால் ஒரு போலீஸ்காரர் வருவதுபோல இருக்கும்.

என் கதை எளிமையானது. சமநிலை: பத்துப் பேரும் ஏறுகிறார்கள். குலைவு: ஒரு நாள் பாண்டியம்மாள் வருவதற்குள் ஜீப்பு போய்விடுகிறது. உணர்தல்: தனியாக ரோட்டில் நிற்கிறாள். சீர்செய்தல்: மலை ஏறி நடக்கிறாள். புதிய சமநிலை: தோட்டத்தில் போய்ச் சேர்ந்து, எதுவும் பேசாமல் கூட்டத்தோடு காய் எடுக்கிறாள். நான்கு நிமிடம். ஈஸ்வர் சாரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு ஒன்று பிடித்தால் கண்ணாடியைத் துடைப்பார்.

"குலைவைச் சரியாப் பிடிச்சிட்டா மத்த நாலும் தானா வரும், தமிழினி. அதை மட்டும் விட்டுடாதே."

அது பவித்ராவுக்கும் எனக்கும் வேதவாக்கு. பவித்ரா என் வகுப்புத் தோழி, கேமரா பிடிப்பவள். மற்ற காட்சிகளையெல்லாம் இரண்டு வாரத்தில் எடுத்துவிட்டோம். மலைப்பாதையில் பெரியம்மா நடக்கும் காட்சி, தோட்டத்துக் காட்சி, எல்லாம். மிச்சம் இருந்தது அந்தக் குலைவு மட்டும்தான். ஜீப்பு அவரை விட்டுவிட்டுப் போக வேண்டும். இருபது விநாடி. படத்தைச் சனிக்கிழமை மதியம் ஒப்படைக்க வேண்டும், எங்களுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து காலைகள் இருந்தன. ஜீப்பு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கிளம்பும். சோலிக்குப் போகிறவர்களை நிறுத்தி மறுபடி மறுபடி ஓட்டச் சொல்ல முடியாது. ஆக, நாளுக்கு ஒரு முயற்சி. ஐந்து போதாதா என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பெரியம்மா பட்டுச்சேலையில் வந்தார். திருப்பி அனுப்பிச் சட்டையும் துண்டுமாக வரவைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. எல்லாரும் ஏறினார்கள். சீனிச்சாமி அண்ணன் கிளப்பினார். பெரியம்மா சந்திலிருந்து ஓடி வந்தார். அருமையான ஓட்டம். ஜீப்பு பத்தடி போய் நின்றுவிட்டது.

"அண்ணே! நிக்கக் கூடாதுண்ணே!"

"தெரியும்த்தா," என்று அவர் தலையைச் சொறிந்தார். "கண்ணாடியில ஆளு ஓடியாறது தெரிஞ்சதா, காலு தானா பிரேக்குக்குப் போயிருச்சு. பதினாலு வருசப் பழக்கம்."

அந்த ஜீப்பின் வழக்கத்தை அன்றுதான் நான் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருத்தி வர முடியாது என்றால் முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் ஒருத்தி வராமல் இருந்தால் ஜீப்பு அவள் வாசலுக்கே போய் ஆரன் அடிக்கும். காய்ச்சலா, சண்டையா, தூங்கிவிட்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பும். இந்தப் பதினாலு வருடத்தில் ஒருத்தியைக்கூட விட்டுவிட்டுப் போனதில்லை. இதைக் கேட்டபோது நான் என்ன செய்திருக்க வேண்டும்? யோசித்திருக்க வேண்டும். நான் செய்தது, ஜீப்பின் கண்ணாடியை மடக்கி வைத்தது.

செவ்வாய்க்கிழமை அண்ணனுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியவில்லை. ஜீப்பு கிளம்பி, இருபதடி போய், முப்பதடி போய், என் மனம் குளிரும் நேரத்தில் தகரத்தில் மூன்று தடவை அடி விழுந்தது. ஜீப்பு நின்றது. அடித்தவர் மூக்கம்மாள் சித்தி, கடைசி இடத்தில் உட்காருகிறவர்.

"சித்தி, ஏன் சித்தி?"

"கண்ணு முன்னாடி ஓடியாறாடி. மூச்சு வேற வாங்குது அவளுக்கு. எப்பிடி உக்காந்திருக்கச் சொல்ற?"

"அது நடிப்பு!"

"மூச்சு நெசந்தானே?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாரையும் உட்காரவைத்து வகுப்பு எடுத்தேன். சமநிலை, குலைவு, எல்லாம். கூடவே, யாரும் எதையும் தட்டக் கூடாது, கையை மடியில் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். பத்துப் பேரும் தலையாட்டினார்கள். "வெளங்குச்சு, வெளங்குச்சு. கொலைஞ்சாத்தான் கதை," என்றார் மூக்கம்மாள் சித்தி.

புதன்கிழமை ஜீப்பு நிற்கவில்லை. பெரியம்மா ஓடி வந்தார், ஜீப்பு நகர்ந்தது, வளைவில் மறைந்தது. பவித்ராவும் நானும் ரோட்டிலேயே கட்டிக்கொண்டு குதித்தோம். காலைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். அவர் இட்டிலியைப் பிட்டுக்கொண்டே பார்த்தார்.

"வாளிய மட்டும் வாங்கிட்டு ஆள விட்டுட்டுப் போறாளுகளே," என்றார்.

மறுபடி பார்த்தேன். பெரியம்மா ஜீப்பை நெருங்கும் நேரத்தில் மூக்கம்மாள் சித்தி குனிந்து, பெரியம்மா கையிலிருந்த தூக்குவாளியையும் பையையும் பதவிசாக வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அப்புறம் ஒழுங்காகக் கையை மடியில் வைத்துக்கொண்டார். சொன்ன சொல் தவறவில்லை. ஓடி வருகிறவளிடமிருந்து முதலில் சுமையை வாங்குவது ஜீப்பில் ஏறுகிறவர்களுக்கு மூச்சுவிடுவது போல. அதற்கு நான் தடை போடவில்லையே! பத்துப் பேருக்கும் சேர்த்து அன்றைக்குக் குழம்பு கொண்டுபோவது பெரியம்மாவின் முறை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஈஸ்வர் சாரிடம் காட்டினேன். அவர் சிரித்து முடிக்கவே நேரம் ஆனது. அப்புறம், "வேற குலைவு வச்சுக்கோயேன். ஒரு விபத்து, ஒரு சாவு, ஒரு காதல் தோல்வி. எடுக்கச் சுலபம்," என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஊரில் எல்லாப் படத்திலும் யாராவது செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு ஜீப்பு ஒருத்தியை விட்டுவிட்டுப் போவது அதைவிடப் பெரியது என்று எனக்குள் ஏதோ அடித்துச் சொன்னது. ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. முடியாது சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். ஜீப்பு கிளம்பிய பிறகுதான் பெரியம்மா சந்திலிருந்து வெளியே வர வேண்டும். நாற்பதடி இடைவெளி. வாளி கைக்கு எட்டாது. கண்ணாடி மடக்கியாயிற்று. கைகள் மடியில். ஜீப்பு போயிற்று. பெரியம்மா ஓடி, நின்று, ரோட்டைப் பார்த்தார். கேமரா அவர் முகத்தை நெருங்கியது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் வந்த இன்னொரு தோட்டத்து ஜீப்பு கிறீச்சென்று நின்றது. உள்ளிருந்து நாலு கைகள் நீண்டன. "ஏறுக்கா வெரசா!" பெரியம்மாவும், கை நீண்டால் ஏறுகிற பழக்கத்தில், ஏறிவிட்டார். ஜீப்பு பறந்தது. ரோட்டில் நானும் பவித்ராவும் கேமராவும் மட்டும் நின்றோம்.

ஸ்கூட்டியில் விரட்டிக்கொண்டு போனோம். மலையடிவாரத்து முந்தல் சோதனைச்சாவடியில் இரண்டு ஜீப்பும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நின்றன. அந்த ஜீப்பின் ஓட்டுநர் சீனிச்சாமி அண்ணனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொம்பளையாளு அம்புட்டுத் தூரம் ஓடியாருது, திரும்பிப் பாக்காமப் போறியே, நீயெல்லாம் மனுசனா?"

"படம்யா... படம் எடுக்குறாக..."

"எந்தப் படத்துலய்யா ஆள விட்டுட்டுப் போகச் சொல்றாக?"

வரிசையாக நின்ற மற்ற ஜீப்புகளிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு வந்து நின்றார்கள். சீனிச்சாமி அண்ணன் முகம் கறுத்துப்போயிற்று. என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயி, இத்தோட என்னைய விட்டுரு. இந்த ரோட்டுல எனக்கு இருக்கிறதே அந்த ஒரு பேருதான்."

அவர் சொன்னது நியாயம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு நாள்தான் மிச்சம் என்றேன். படம் இல்லாவிட்டால் சென்னை இல்லை, பாரத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்றேன். ரோட்டில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். கோட்பாட்டில் முதல் மதிப்பெண் வாங்கியவள் நடந்துகொள்கிற முறை இல்லை அது.

பாண்டியம்மாள் பெரியம்மாதான் அந்த ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்துப் பேசினார்.

"ஏப்பா சீனி, இந்தப் புள்ள நம்ம தெருப் புள்ள. நட்டாத்துல நிக்குது. இத விட்டுட்டுப் போறதா இப்ப?"

அண்ணன் மற்ற ஜீப்புகளைத் திரும்பிப் பார்த்தார். "எல்லா டிரைவர்கிட்டயும் நான் முன்னக்கூட்டியே சொல்லிருவேன். எவனும் நாளைக்கு அக்காவ ஏத்தக் கூடாது. புளியமரத்து வளைவு தாண்டி நிப்பாட்டிருவேன். அதுக்குச் சம்மதம்னா ஒரே ஒரு தடவ," என்றார்.

வெள்ளிக்கிழமை ஒரு மாற்றம் செய்தேன். ஜீப்புக்குள்ளிருந்து பார்த்தால்தான் பெரியம்மா சிறுத்துக்கொண்டே போவது தெரியும் என்று தோன்றியது. பவித்ராவுக்கு ஜீப்பில் பின்பக்கம் உட்கார்ந்தால் வாந்தி வரும். அதனால் அவள் ரோட்டில் நின்றுகொண்டாள், நான் இன்னொரு கேமராவோடு ஜீப்பில் ஏறினேன். உள்ளே ஒரே ஒரு இடம்தான் காலி. பின்பக்கம் இடது ஓரம், மூக்கம்மாள் சித்திக்கு எதிரே. பெரியம்மாவின் இடம். நான் அங்கே உட்கார்ந்தேன்.

வழக்கமாக அந்த ஜீப்பில் கிளம்பும்போது சந்தைக்கடை மாதிரி இரைச்சலாக இருக்கும். அன்று இல்லை. ஒன்பது பேரும் கையை மடியில் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்கள். பரீட்சை அறையில்கூட அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. அண்ணன் கிளப்பினார்.

பெரியம்மா சந்திலிருந்து வெளியே வந்தார். வாளி கையில் ஆடியது. ஓடினார். முதல் நான்கு நாளும் ஓடும்போது "ஏய் நில்லுங்கடி!" என்று ஒரு கத்தல் இருக்கும். அதை வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். சத்தமே போடக் கூடாது, வெறும் முகம் போதும் பெரியம்மா என்று. அவர் சத்தம் போடவில்லை. திரையில் அவர் முகம் தெரிந்தது. கொஞ்சம் சிறுத்தது. செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடந்தது, அவர் அதை எடுக்கத் திரும்பவில்லை. இன்னும் சிறுத்தது. அப்புறம் அவர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நின்றார். ஒரு கை மட்டும் கொஞ்சம் மேலே வந்து, கூப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாதது போல அப்படியே நின்றது. வளைவு வர இன்னும் பாதித் தூரம் இருந்தது. எனக்கு எதிரே மூக்கம்மாள் சித்தி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

தகரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தடவை அல்ல, ஏழெட்டுத் தடவை.

"நிறுத்துங்கண்ணே! நிறுத்துங்க! பெரியம்மா வருது!"

கத்தியது யார் என்று எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். என்னைத்தான் பார்த்தார்கள். கேமரா வலது கையில் இருந்தது, இடது கை தகரத்தின் மேல் இருந்தது. கை எரிந்தது. ஜீப்பு எப்போதோ நின்றுவிட்டது. அண்ணன் முதல் தட்டுக்கே நிறுத்தியிருந்தார்.

பெரியம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து ஏறினார். நான் இடத்தைவிட்டு எழுந்து கீழே உட்கார்ந்தேன்.

"முடிஞ்சுதா? நல்லா வந்துச்சா?"

"கெட்டுப்போச்சு பெரியம்மா," என்று மூக்கு உறிஞ்சினேன்.

"ஆத்தீ! எவடி கெடுத்தா?" என்று பத்திரகாளியாகத் திரும்பினார்.

ஒன்பது விரல்கள் என்னைக் காட்டின. ஒரு கணம்தான். அப்புறம் முன்னால் ஒருத்தி குபீரென்று சிரித்தாள். அவ்வளவுதான். ஜீப்பே குலுங்கியது. நாலு நாளாகத் திட்டு வாங்கியவர்கள் எல்லாம் சேர்ந்து, மனசார, என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "கையி மடியில இருக்கணும்னியே, டைரக்டரம்மா!" அண்ணன் ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். அழுதுகொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன். வேறு வழி?

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. இனிக் காலை இல்லை. சாமி படத்துக்குக் கீழே பாரம் இருந்தது. பவித்ராவும் நானும் கணினி முன்னால் உட்கார்ந்து, எடுத்த எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். பவித்ராதான் கேட்டாள், அந்தத் தட்டல் எத்தனையாவது விநாடியில் வருகிறது என்று. ஜீப்பு நகர ஆரம்பித்ததிலிருந்து எண்ணினோம். ஒன்பது.

அந்த ஒன்பது விநாடியை மறுபடி பார்த்தோம். அப்புறம் நான் மலைப்பாதைக் காட்சிகளை எல்லாம் தூக்கி எறிந்தேன். இரண்டு வார உழைப்பு. தோட்டத்துக் காட்சியையும் எறிந்தேன். பவித்ரா "ஐயோ" என்றாள், ஆனால் தடுக்கவில்லை. மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: காலை, பெண்கள் ஒவ்வொருவராக ஏறுவது, ஒருத்தியிடமிருந்து ஒருத்தி வாளி வாங்குவது, ஒரு காலி இடம், ஜீப்பு கிளம்புவது, பெரியம்மா முகம், திரையின் ஓரத்திலிருந்து தகரத்தை அடிக்கும் ஒரு கை, ஒரு கத்தல், ஜீப்பு நிற்பது. இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.

சனிக்கிழமை வெளியிலிருந்து தேர்வாளராக வந்தவர் சந்திரவல்லி என்ற பேராசிரியை. சிரிக்காத முகம். அப்பாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். படம் முடிந்து விளக்கு போட்டதும் ஈஸ்வர் சார் எழுந்தார். அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"ஒன்பது விநாடிதானே குலைவு இருக்கு, தமிழினி? கதை ஆரம்பிக்கறதுக்குள்ள நிறுத்திட்டியே. உணர்தல் எங்கே? சீர்செய்தல் எங்கே?"

"ரெண்டும் அந்தத் தட்டல்தான் சார். தெரிஞ்சதும் தட்டியாச்சு."

"புதிய சமநிலை? பழையபடி அதே பத்துப் பேர் அதே ஜீப்புல போறாங்க. எதுவும் மாறலையே."

"தட்டினவ மாறிட்டா சார்."

சார் தேர்வாளரைத் திரும்பிப் பார்த்தார். சந்திரவல்லி அம்மா அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"அந்தக் கை யாருது?"

"என்னோடது மேடம்."

"அந்த அம்மா யார்? என்ன ஒரு நடிப்பு! அந்தக் கை பாதி தூக்கி நிக்குது பாருங்க, சொல்லிக்கொடுத்து வராது."

நான் பெருமையாக நின்றேன். சத்தம் போடாதே, முகம் போதும் என்று சொன்னது நான்தானே? இயக்குநரின் திறமை என்று உள்ளுக்குள் ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

முதல் தரம் கிடைத்தது. ஈஸ்வர் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்து, அடுத்த வருடம் வகுப்பில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டலாமா என்று கேட்டார். பேருந்தில் திரும்பி வரும்போது அப்பா எனக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கினார். "அந்தப் பாரத்த உன் சித்தி மகளுக்குக் குடுத்துருவோம். அது நல்லாப் படிக்கும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சென்னையில எங்க தங்குவ?" என்று கேட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பேருந்தில் கூட்டம்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முன்னாலேயே தெருமுனைக்குப் போய்விட்டேன். ஜீப்பில் எல்லாரும் ஏறி உட்கார்ந்ததும் நானும் ஏறி, போனை நடுவில் பிடித்துப் படத்தைப் போட்டேன். சீனிச்சாமி அண்ணன் இறங்கி வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தார். ஒவ்வொருத்தியும் தன் முகம் வரும்போது ஒரு கூச்சல் போட்டாள். ஜீப்பு கிளம்பும் இடத்தில் கூச்சல் அடங்கியது. தட்டல் விழுந்ததும் எல்லாரும் "ஹோ" என்று கத்தினார்கள். "அடிபொளி!" என்றார் மூக்கம்மாள் சித்தி, மலை மேலே கற்றுக்கொண்ட மலையாளத்தில்.

பாண்டியம்மாள் பெரியம்மா மட்டும் கத்தவில்லை. "இன்னொருக்கப் போடு," என்றார். போட்டேன். போனை என் கையிலிருந்து வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏத்தா," என்றார், "தட்டுறதுக்கு இம்புட்டு நேரமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஒம்பது விநாடிதான் பெரியம்மா. படம் போயிருமேன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்."

"நானும்தான் பயந்தேன்."

"நீங்க எதுக்கு? அதான் வளைவு தாண்டி நிக்கும்னு அண்ணே சொன்னாரே. எல்லாம் பேசித்தானே வச்சிருந்தோம்."

"பேசி வச்சது தெரியும்," என்றார். போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "ஆனா ஒருத்தியும் என்னையப் பாக்கல. எல்லாரும் கீழ குனிஞ்சுக்கிட்டீக. என் எடத்துல வேற ஆளு இருந்துச்சு. அப்பத்தான், நெசமாவே விட்டுட்டுப் போயிருவாகளோன்னு இருந்துச்சு."

ஜீப்பில் சிரிப்பு நின்றுவிட்டது. அது நடிப்பு இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனை மூடிப் பைக்குள் வைத்தேன். வெட்கமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மன்னிச்சுக்கங்க பெரியம்மா."

"அட போடி," என்று கையை உதறினார். "நீதானே தட்டுன. எறங்கு, நேரமாச்சு."

இறங்கினேன். அண்ணன் போய் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிளப்பினார். ஜீப்பு போகப் போக, பின்பக்கம் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனார்கள், புளியமரத்து வளைவு வரைக்கும்.